இறுக்கத்தின் அளவு

திருநாவலூரில் குளிர்ந்த நீர் கிடையாது. மார்கழி விடியலில் கிணற்றடிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பனி இறங்கியிருக்கும், பம்புசெட் குழாயைத் தொட்டால் கை சில்லிடும். தொட்டியில் விழும் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும். நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஓடும் கொஞ்ச நாட்களிலும் அது வெயில் குடித்த தண்ணீர்தான். கல்வராயன் மலையேறி மேகம் அருவியில் நின்றால் பல் கிட்டும். பாறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து முதுகில் வெயில் பட்டால் அது தீர்ந்துவிடும். எங்கள் ஊர் உடம்பு கற்று வைத்திருக்கும் குளிர் இவ்வளவுதான்.

இந்த உடம்போடுதான் ஹியூரான் ஏரிக்குள் இறங்கக் கற்றுக்கொண்டேன். டொரண்டோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீபகற்பத்தின் நுனியில் டோபர்மோரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நீர்ப்பரப்பை 1987இல் ‘ஃபேதம் ஃபைவ்’ என்ற பெயரில் தேசிய நீர்ப்பூங்காவாக்கினார்கள். பழைய கப்பல்கள் இருபதுக்கும் மேல் அந்த நீருக்கடியில் கிடக்கின்றன. 1867இல் கட்டப்பட்டு 1885இல் மூழ்கிய ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற பாய்மரக் கப்பல், துறைமுகக் குடாவிலேயே ஆறேழு மீட்டர் ஆழத்தில் பலகை பலகையாகத் தெரியும். கடலில் கிடந்திருந்தால் கப்பற்புழு தின்று தீர்த்திருக்கும். உப்பில்லாத குளிர்ந்த நீர் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மரத்தைக் காக்கும் அதே குளிர் மனிதனை விடாது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்த அடர்ந்த நீர் அடியில் போய்த் தங்குவதால், குளிர்நாட்டின் ஆழமான ஏரிகளின் அடிநீர் நடுக்கோடையிலும் 4 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே ஜூலை வெயிலில் குழந்தைகள் நீந்திக்கொண்டிருப்பார்கள்; கீழே இறங்க இறங்க, ஒரு கோடு போட்டுப் பிரித்ததுபோல, திடீரென்று வேறொரு நீர் தொடங்கும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக நீர் நம் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே அங்கே வெறும் உடம்போடு முக்குளிக்க முடியாது. உடம்பைக் கட்டித்தான் இறக்க வேண்டும்.

அந்தக் கட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். குளிர்நீர் முக்குளிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆழத்தையும் கப்பல்களையும் மீன்களையும் சொல்வார்கள். உடை படுத்தும் பாட்டைச் சொல்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம் எங்கோ இருக்கிறது. அனுபவத்தில் பாதி அந்தப் பாடுதான்.

முதலில் உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடை. அதன் மேல் மெத்தைபோல் தைத்த முழு உடை. அதற்கும் மேல் டிரை சூட் என்ற நீர்புகா உடை. கால் பாதம் உட்பட ஒரே துண்டு. முதுகில் தோளோடு தோளாகப் போகும் ஜிப்பைப் பல சூட்களில் நாமே இழுக்க முடியாது, இன்னொருவர் இழுத்துவிட வேண்டும். மணிக்கட்டிலும் கழுத்திலும் லேட்டக்ஸ் ரப்பர் பட்டைகள் தோலைக் கவ்விப் பிடிக்கும். தலைக்குத் தடித்த நியோப்ரீன் ஹூட். கைக்குத் தடித்த உறை. இத்தனை துணியும் அதற்குள் சிக்கிய காற்றும் மிதக்கப் பார்க்கும் என்பதால், அமிழ்வதற்கு இடுப்பில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஈயம். முதுகில் சிலிண்டர். எல்லாம் சேர்ந்து 30 கிலோவை எளிதாகத் தாண்டும். படகின் தளத்தில் இந்தக் கோலத்தில் முறைக்குக் காத்திருக்கும்போது குளிர் எங்கேயும் இல்லை. உச்சி வெயில் இருக்கிறது, முதுகுத்தண்டில் வேர்வை ஓடுகிறது, மூக்கைச் சொறிய விரல் இல்லை.

கழுத்து திரும்பாது. குனிந்தால் சொந்தப் பாதம் தெரியாது. ஹூட் காதை அடைத்துவிடும். பக்கத்தில் பேசுவது தூரத்தில் பேசுவதாகக் கேட்கும். கையுறைக்குள் போன விரல் ஐந்தும் சேர்ந்து ஒரே விரலாகிவிடும். மாஸ்க் பக்கப் பார்வையை எடுத்துவிடும். பிறந்தது முதல் நம்பி வந்த புலன்கள் ஒவ்வொன்றாகக் கை கழுவிவிட்டுப் போவதைப் படகிலேயே நின்று பார்க்கலாம். நீருக்குள் போனதும் இன்னொன்று சேரும். பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். உடைக்குள் இருக்கும் காற்று சுருங்கும், மடிப்புகள் தோலைக் கிள்ளும். மார்பில் உள்ள வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் கிள்ளல் விடும். ஏறும்போது அதே காற்று விரியும். இடது கையை உயர்த்தித் தோள்பட்டைக்குக் கீழே உள்ள வால்வ் வழியே அதை வெளியே விட வேண்டும். விடத் தவறினால் காற்று காலுக்குப் போய்த் தலைகீழாகத் தூக்கிவிடும். வெளியே தெரியும் உடம்பு உதடும் அதைச் சுற்றிய கொஞ்சம் தோலும் மட்டுந்தான். முதல் நிமிடம் அந்த இடம் எரியும், பிறகு மரத்துப்போகும்.

எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டைதான் கொடியது. மற்ற இடங்களில் இறுக்கம் வெறும் இறுக்கம். கழுத்தில் வரும் இறுக்கத்தை உடம்பு வேறு மாதிரி படிக்கிறது. யாரோ நெரிக்கிறார்கள் என்று படிக்கிறது.

எனக்கு அங்கே உடன் வந்தவர் வல்வெட்டித்துறையில் பிறந்த ஒரு பெரியவர். கடலோடு வளர்ந்தவர், பனிக்கட்டிக்கு அடியிலும் முக்குளித்தவர். முதன்முறை கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இறுக்குதோ தம்பி?”

“இறுக்குது அண்ணா.”

“தலை சுத்துதோ?”

“லேசா சுத்துது.”

“அப்ப கழட்டுங்கோ. சும்மா இறுக்கினதெண்டா பழகும். தலை சுத்தினா பழகாது, வெட்டத்தான் வேணும்.”

பட்டையின் விளிம்பில் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். கத்தரிக்கோலை எடுத்து ஒரு வளையத்தை மட்டும் நறுக்கினார். மாட்டிப் பார்க்கச் சொன்னார். இன்னொரு வளையம். மறுபடி மாட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு வளையம் கூடப் போனால் 4 டிகிரி நீர் கழுத்து வழியே நெஞ்சுக்கு இறங்கும், ஒரு வளையம் குறைந்தால் மயக்கம் வரும். அவசரமே படாமல் அந்த இடைவெளியைத் தேடினார். வெட்ட மனமில்லாதவர்கள் இரவெல்லாம் ஒரு பாத்திரத்தின் மேல் பட்டையை இழுத்து மாட்டி வைத்து நெகிழ வைப்பார்களாம்.

தலைசுற்றலின் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் இருக்கின்றன. அவை கிளை பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. வெளியிலிருந்து பட்டை அழுத்தினால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று அவை தவறாக எடுத்துக்கொண்டு இதயத்தை மெதுவாக்கச் சொல்லும். துடிப்பு குறையும், அழுத்தம் இறங்கும், கண் இருட்டும். இதை மன உறுதியால் வெல்ல முடியாது. வெல்ல முயன்று நீருக்குள் மயங்கினால் உயிர் போகும். கத்தரிக்கோல் ஒன்றுதான் மருந்து.

“சும்மா இறுக்கினதெண்டா பழகும்” என்று அவர் சொன்ன மற்றப் பாதியும் அதே அளவு உண்மை. பட்டையின் அளவு சரியாக இருக்கும், தலை சுற்றாது, ஆனாலும் மூச்சு முட்டுவதுபோல இருக்கும். மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. மார்பைச் சுற்றி வாரும் துணியும் இறுகும்போது நாம் அறியாமலே மூச்சைச் சிறிதாக, மேலாக, வேகமாக இழுக்கத் தொடங்குகிறோம். அந்த மூச்சு தொண்டையிலேயே போய் வருகிறது; கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது. தேங்கியது பயத்தைக் கிளப்புகிறது, பயம் மூச்சை இன்னும் சிறிதாக்குகிறது. இந்தச் சுழலை வெட்டும் இடம் வெளிமூச்சு. உள்ளே இழுப்பதைப் பற்றி நினைக்காமல், வெளியே விடுவதை மட்டும் நீட்டி, கடைசிச் சொட்டு வரை விட வேண்டும். பிராணாயாமம் சொல்லித்தருபவர்கள் நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வதுதான். ஆனால் தியான மேடையில் செய்வது வேறு, கழுத்தை ரப்பர் கவ்விக்கொண்டிருக்கும்போது செய்வது வேறு.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் வில்லியம் மார்கன் 1990களில் முக்குளிப்பவர்களிடம் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் நீருக்கடியில் ஒரு முறையாவது பெரும் பீதியையோ அதன் விளிம்பையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். பழகியவர்களும் இதில் அடக்கம். பீதி பிடித்த மனிதன் நீருக்குள் என்ன செய்வான் என்பதுதான் என்னை உலுக்கிய செய்தி. மாஸ்க்கைப் பிய்த்து எறிவான். வாயில் இருக்கும் ரெகுலேட்டரைத் துப்பிவிடுவான். மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரே பொருளை, மூச்சை அடைக்கும் பொருள் என்று எண்ணித் தள்ளிவிடுவான். இறந்தவர்களை மேலே கொண்டு வரும்போது பலருடைய சிலிண்டரில் காற்று மீதி இருந்திருக்கிறது. ஈயப் பட்டை இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளை நினைவுக்கு வந்தார். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த மண் திருநாவலூர். பக்தசனேசுவரர் கோயிலுக்குப் போகும் எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் திரும்ப முடியாது. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசரின் வளர்ப்பு மகனாக ராஜபோகத்தில் வளர்ந்தவர். புத்தூரில் திருமணப் பந்தலில் மணமகனாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிழவர் வருகிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் முதலில் செய்த காரியம், அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது, மூல ஓலை வெளிவருகிறது, கிழவர் சிவனே என்றும் கட்டுண்டதே பேறு என்றும் பிறகுதான் தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தை இந்தக் கதையை முதலில் வைத்துத்தான் தொடங்குகிறார்.

கட்டு என்று கண்டதும் கிழிக்கப் போகும் கை. அது எல்லோருக்கும் இருக்கிறது. என் கையும் கழுத்துப் பட்டைக்குப் போயிருக்கிறது.

ஆனால் சுந்தரர் கதையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடப்பது. கட்டை ஏற்றுக்கொண்டவர் அப்புறம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு வன்தொண்டர் என்று பெயர். இறைவனிடம் பொன் கேட்டார், நெல் கேட்டார், கொடுத்த நெல்லைச் சுமந்து போக ஆள் கேட்டார், மனைவி பரவையாரிடம் தூது போகச் சொன்னார். திருமுதுகுன்றத்தில் கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தார். அந்த ஆறு எங்கள் கல்வராயன் மலையில்தான் பிறக்கிறது. திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்தபோதும் பேசாமல் இருக்கவில்லை. ஊர் ஊராக முறையிட்டுக்கொண்டே போனார். காஞ்சியில் ஒரு கண் வந்தது, திருவாரூரில் மறு கண் வந்தது. கட்டுக்குள் இருந்துகொண்டே, கட்டியவரிடமே, இது வலிக்கிறது என்று சொல்லும் உரிமையை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம்மை வளர்த்த விதம் இதற்கு நேர்மாறானது. பொறுத்துக்கொள் என்றுதான் பிள்ளைக்குச் சொல்கிறோம். புதுச் செருப்பு கடித்தால் பொறுத்துக்கொள், பள்ளிச் சீருடை அரித்தால் பொறுத்துக்கொள். பெண் பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு. பொறுமையைப் பெரிய குணமாகக் கொண்டாடும் சமூகத்தில், எந்த வலி பொறுக்க வேண்டியது, எந்த வலியை உடனே சொல்ல வேண்டும் என்று பிரித்துப் பார்க்க யாரும் கற்றுத் தருவதில்லை. நீருக்கடியில் இந்தப் பிரிவு தெரியாதவருக்கு ஆபத்து. ஹூட்டுக்குள் காதருகே காற்று அடைபட்டு, இறங்கும்போது செவிப்பறையை இழுக்கிறதென்றால் அது பொறுக்க வேண்டிய வலி அல்ல. விரலால் ஹூட்டின் ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் நீரை உள்ளே விட வேண்டும். சில்லென்று காது வலிக்கும். அந்த வலியைப் பொறுக்கலாம், கொஞ்சத்தில் அடங்கும்.

தோலில் குளிர் நீர் திடீரெனப் படும் முதல் கணத்தில் தானாகவே ஒரு பெரிய இழுப்பு மூச்சு வரும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் சொல் கேட்காது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த அதிர்ச்சியைத்தான். சில நிமிடங்கள் மட்டும் குளிர் நீரில் இருந்து ஏறுவதை ஐந்தாறு முறை செய்தாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிறது, அந்தப் பழக்கத்தைப் பல மாதங்கள் வரை உடம்பு மறப்பதில்லை என்று அவர் ஆய்வுகள் காட்டின. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. வெயில் ஊர் உடம்பும் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள மாதக்கணக்கான தவம் வேண்டாம், முதல் இரண்டு நிமிடம் எதையும் தொடங்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதந்தால் போதும்.

மற்றதெல்லாம் கரையிலேயே செய்யக்கூடியவை. ஹூட்டையும் கழுத்துப் பட்டையையும் மாட்டிக்கொண்டு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கதை படித்து முடிக்கலாம். கையுறையோடு கொக்கிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகலாம். ஈயத்தைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம். படகில் முதலிலேயே முழு உடையையும் மாட்டிக்கொண்டு நிற்பது வீரம் இல்லை, வேர்த்து நனைந்த உள்ளாடை நீருக்குள் இரண்டு மடங்கு குளிரும். ஆழத்துக்குப் போகும் முன், ஆறேழு மீட்டரில் அந்தப் பழைய கப்பலின் பக்கத்தில் பல முறை வெறுமனே இருந்துவிட்டு வரலாம். நான் அந்தக் கப்பலின் மேல்தளப் பலகைகளைப் பார்த்ததைவிட என் சொந்த மூச்சின் குமிழிகளைப் பார்த்ததுதான் அதிகம். கழுத்தில் என்ன, மார்பில் என்ன, மணிக்கட்டில் என்ன என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மொத்தமாக ஒரு பெரிய தொல்லையாக இருந்தது, பிரித்துப் பார்த்தால் ஐந்தாறு சிறிய தொல்லைகளாக இருக்கும். அவற்றில் இரண்டைக் கையால் சரி செய்துவிடலாம். மீதி அங்கேயே இருக்கும். இருக்கட்டும்.

உடையே இல்லாமல் குளிரோடு வாழ்ந்தவர்கள் உண்டு. தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹென்யோ என்ற பெண் முக்குளிப்பாளர்கள் 1970கள் வரை மெல்லிய பருத்தி உடையில், குளிர்காலத்தில் 10 டிகிரி வரை இறங்கும் கடலில், மூச்சை அடக்கிச் சிப்பியும் பாசியும் எடுத்தார்கள். சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் என்ற இரு உடலியலாளர்கள் கொரிய முக்குளிப்புப் பெண்களை ஆராய்ந்து 1967இல் எழுதினார்கள். குளிர்காலத்தில் அந்தப் பெண்களின் உடம்பு, சும்மா இருக்கும்போதே கூடுதலாகச் சூட்டை உண்டாக்கியது. மற்றவர்கள் நடுங்கும் குளிரில் அவர்கள் நடுங்கவில்லை. பிறகு வெட் சூட் என்ற ரப்பர் உடை வந்தது. வந்த சில ஆண்டுகளுக்குள் அந்தத் தனிச்சிறப்பு அவர்கள் உடம்பிலிருந்து மறைந்துவிட்டது. இதை இழப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளிரில் விறைத்த உடம்பு பட்ட பாட்டைத் தூரத்திலிருந்து வியப்பது எளிது. உடையை அணியலாம் என்ற வாய்ப்பு வந்தபோது அந்தப் பெண்கள் தயங்காமல் அணிந்தார்கள், கூடுதல் நேரம் வேலை செய்தார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுல மரபாக அறிவித்தபோது, அந்தப் பெண்கள் கறுப்பு ரப்பர் உடையில்தான் இருந்தார்கள்.

ஜெஜுவிலிருந்து என் எண்ணம் மன்னார் வளைகுடாவுக்குத்தான் வரும். வர வேண்டும். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் நின்றது. அதுவரை நூற்றாண்டுகளாக நம் குளியாட்கள் கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் கொடுத்து, பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டிய மூச்சில் சிப்பியை வாரினார்கள். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் கொம்பில் செய்த மூக்குக் கவ்வி வைத்திருந்தார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சுறா வராமல் மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளுக்குக் குளிப்புக் காலத்தில் தனிப் பங்கு உண்டு என்று சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். உடம்புக்கு வெளியே அவர்களுக்குக் கிடைத்த காப்பு அந்த மந்திரம் ஒன்றுதான்.

அந்தக் கடல் குளிர்ந்த கடல் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் 28 டிகிரி நீரும் உடம்பைவிடக் குளிர்ந்ததுதான். மணிக்கணக்கில் நீரில் இருப்பவரின் சூட்டை அது விடாமல் இழுக்கும், கரையேறியவர் வெயிலில் உட்கார்ந்து நடுங்குவார். இன்று சங்குகுளிக்கிறவர்கள் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, சாதாரண டி-ஷர்ட்டும் பேன்ட்டும் போட்டு இறங்குகிறார்கள். ஆழத்திலிருந்து வேகமாக ஏறுவதால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டும் முதுகும் கெட்டவர்கள் அவர்களிடையே உண்டு. பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் டி-ஷர்ட்டைப் போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி இறங்குகிறார்கள். நனைந்த சேலை நீருக்குள் காலைச் சுற்றும். என் கழுத்துப் பட்டையைவிட அது கடுமையான கட்டு. அந்தக் கட்டு சூடும் தருவதில்லை, காப்பும் தருவதில்லை.

கரையிலும் இதே கதைதான். 2020 கோடையில் எங்கள் மாவட்டமான கள்ளக்குறிச்சியிலும் தமிழகம் முழுவதும் மருத்துவமனைகளில் செவிலியர்கள் முழு உடல் கவச உடைக்குள் மணிக்கணக்காக நின்றார்கள். தண்ணீர் குடிக்க முடியாமல், கழிப்பறைக்குப் போக முடியாமல், முகக்கவசம் பதிந்த தழும்போடு அவர்கள் வெளியே வந்ததை எல்லோரும் படங்களில் பார்த்தோம். கைதட்டினோம். பலருக்கு அந்த உடை பெரிதாக இருந்தது, கால் தடுக்கியது, கண்ணாடி நழுவியது. உலகச் சந்தையில் இத்தகைய உடைகள் பெரும்பாலும் ஆண் உடம்பின் அளவை வைத்தே வெட்டப்படுகின்றன. ஒரு வளையத்தை நறுக்கி, மாட்டிப் பார்த்து, இன்னொரு வளையத்தை நறுக்கும் கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு அந்தக் கை கிடைத்தது. விருப்பத்துக்காக, விடுமுறையில் முக்குளித்தவனுக்கு அளவு பார்த்து வெட்டிய பட்டை கிடைத்தது, வயிற்றுக்காக நாள்தோறும் கடலில் இறங்குபவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. மன்னார் வளைகுடாவின் நீருக்கு டிரை சூட் தேவையில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோப்ரீன் உடை போதும்; சூட்டைக் காக்கும், பாறைக் கீறலையும் ஜெல்லி மீனின் கொட்டலையும் தடுக்கும். அது எட்ட முடியாத தொழில்நுட்பம் இல்லை. ஆனால் ஐரோப்பிய ஆணின் அளவில் வந்த உடைகளை மூட்டையாக இறக்கி வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தால், அவை ஒரு வாரத்தில் மூலையில் கிடக்கும். அப்புறம் இவர்களுக்குப் பழக்கம் இல்லை, போடமாட்டார்கள் என்று எழுதி வைப்பார்கள். இறுக்குகிறது, வேர்க்கிறது, கை நீட்ட முடியவில்லை என்று அவர்கள் சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முக்குளிப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், யார் வேண்டுமானாலும் முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் போதும், உடன் வந்தவர் நீருக்குள் காரணம் கேட்கக் கூடாது, மேலே வந்த பிறகு கோபித்துக்கொள்ளவும் கூடாது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ கனடாவிலோ முக்குளிக்கக் கற்றுக்கொள்ளப் போகும் இளைஞர்களே, உடை இறுக்குகிறதென்றால் இறங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். தலை சுற்றினால் கழற்றுங்கள். மீன்வளத் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் உடை அனுப்பும் முன் ஒரு தையல்காரரை அளவு நாடாவோடு அனுப்புங்கள். முதலில் அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.